தூரம் நின்ற பிறகு

அத்தியாயம் பதினேழு

குருவிமலைத் தோட்டத்து ஏழாம் நம்பர் மலையில் அங்கம்மா கூடையோடு சரிந்து உட்கார்ந்த இடத்தில் போன வாரம் விட்டேன். "உயிர் இருக்கிறதா இல்லையா, அதையாவது சொல்லிவிட்டு நிறுத்தியிருக்கலாமே" என்று பண்டாரவளையிலிருந்து ஒரு வாசகி கோபித்துக்கொண்டு எழுதியிருக்கிறார். இருக்கிறது, அம்மா. அங்கம்மா பிழைத்துக்கொண்டாள். உங்கள் கோபத்தை மட்டும் கொஞ்சம் மிச்சம் வைத்திருங்கள், இந்த வாரம் தேவைப்படும்.

தோட்டத்து டிஸ்பென்சர் ஐயா அவள் கையைப் பிடித்துக்கூடப் பார்க்கவில்லை. தூரத்தில் நின்றே "வாயு" என்றார். வெள்ளை மருந்து ஒரு போத்தல் கொடுத்தார். மறுநாளே வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்கு வரச் சொல்லிவிட்டார்.

இதே ஐயாதான் இரண்டு வருடத்துக்கு முன் அங்கம்மாவின் புருஷன் சின்னராசா "நெஞ்ச அமுக்குதுங்க" என்று சொன்ன மாத்திரத்தில், போய்க்கொண்டிருந்த கொழுந்து லொறியை மறித்து அவரைப் பதுளைக்கு ஏற்றி அனுப்பினார். நல்ல காரியம்தான், நான் குறை சொல்லவில்லை. அன்றிலிருந்து சின்னராசாவுக்கு நாக்குக்கடியில் வைக்க மாத்திரை, மலையேறாமல் தேயிலை ஸ்டோரில் காவல் வேலை, உப்பில்லாத கறி. அந்த உப்பில்லாத கறியைத் தனிச்சட்டியில் ஆக்கி வைப்பவள் அங்கம்மா. ஆக்கி வைத்துவிட்டு, தான் மட்டும் கருவாட்டுத் துண்டோடு ரொட்டியைத் தின்றுவிட்டு மலைக்கு ஓடுவாள். அவளுக்கு எதைச் சாப்பிடக் கூடாது என்று சொல்ல ஆள் கிடையாது.

திங்கட்கிழமையும் மலையில் நெஞ்சு அமுக்கியது. மலையில் வேலை வாங்கும் கணக்கப்பிள்ளை இராமையா பார்த்தார்.

"இந்தா அங்கம்மா, டவுன் டாக்டர்கிட்ட துண்டு வாங்கியாந்தா லேசான வேல தர்றேன். இல்லாட்டி புதன்கெழம ஏழாம் நம்பர் மலைக்கித்தான் ஏறணும். எனக்கும் மேல தொரை கேப்பாரு."

துண்டு என்றால் டாக்டர் எழுதிக் கொடுக்கும் சீட்டு. ஒரு பெண்ணின் உயிர் இப்போது அந்தச் சின்னக் கடதாசியில் வந்து நின்றது.

செவ்வாய்க்கிழமை காலை. லயத்து வீட்டின் இஸ்தோப்பில், அந்த முன் திண்ணையில், அங்கம்மா சேலையைச் சரிசெய்துகொண்டிருந்தாள். மகள் இராக்கம்மா பிள்ளை மடுவத்தில் லீவு சொல்லிவிட்டு வந்து நின்றாள். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற வேலை, ஆனால் வாயைத் திறந்தால் பெரியவர்களே ஒதுங்கி நிற்பார்கள். வயது இருபத்தி நாலு.

"பொம்பளைக்கி ஏது புள்ள நெஞ்சு நோவு?" என்றார் சின்னராசா. "ஒரு சோடா குடிச்சா சரியாப் போயிரும். இதுக்குப் போயி பதுளைக்கி பஸ் ஏறணுமா?"

"நீங்க லொறில போனீங்களேப்பா. அன்னைக்கி உங்களுக்கு ஏன் யாரும் சோடா குடுக்கல?"

சின்னராசா சட்டைப் பையிலிருந்த மாத்திரை டப்பாவைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

பக்கத்துக் காம்பிரா வீட்டிலிருந்து அங்கம்மாவின் தங்கை பேச்சாயி கூடையோடு வெளியே வந்தாள். தாடையைச் சுற்றித் துணி கட்டியிருந்தாள். போன மாதத்திலிருந்து டிஸ்பென்சர் ஐயா அவளுக்கு இரண்டு பல்லைப் பிடுங்கிவிட்டார். வலி மட்டும் பிடுங்கப்படாமல் அப்படியே இருந்தது. நாளைக்கு மூன்றாவது பல்.

"இன்னைக்கி ஒன் நெரைக் கொழுந்தையும் சேத்து நானே எடுக்கிறேங்க்கா. நீ பைய போயிட்டு வா" என்றாள் பேச்சாயி. பிறகு குரலைத் தாழ்த்தி, "எல்லாம் தூரம் நின்னதுல இருந்து வர்ற கோளாறுதான். டாக்டர்கிட்ட அத சொல்லிரு. மறைக்காத" என்றாள்.

"ஆம்பள டாக்டருட்டயா? போடி."

மாதவிலக்கைத் தோட்டத்துப் பெண்கள் அந்தப் பெயரில் சொல்வதில்லை. தூரம் என்பார்கள். மூன்று நாள் அடுப்படிக்கு வராமல் தள்ளி இருப்பதால் வந்த பேச்சு. அங்கம்மாவுக்கு இப்போது ஐம்பத்திரண்டு. தூரம் நின்றபோது நாற்பத்துமூன்று.

பஸ் நிற்கும் பசறை ரோட்டுக்கு இரண்டு மைல் இறக்கம். இறங்கும்போது ஒன்றுமில்லை. ரோட்டுக்கு ஏறுகிற கடைசி மேட்டில் மட்டும் அங்கம்மா மூன்று தடவை நின்றாள். நின்று நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு, தேயிலைச் செடியைப் பார்ப்பதுபோல் பாவனை செய்தாள். கொஞ்சம் நின்றதும் சரியாகிவிட்டது, மறுபடி நடந்தாள். இதை இராக்கம்மா பார்த்தாள். நீங்களும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

பதுளையில் சின்னராசாவைப் பார்த்த அதே தனியார் டாக்டரிடம்தான் போனார்கள். சிங்கள டாக்டர், தங்கமான மனிதர் என்று பேர். தமிழ் தெரியாது. தோட்டத்து ஆட்கள் சொல்வதை எடுத்துச் சொல்ல இத்ரூஸ் நானா என்ற முஸ்லிம் பெரியவர் இருந்தார். பதினொரு வருடமாக அதே கதிரையில் உட்கார்ந்து, அங்கே சொல்வதை இங்கேயும் இங்கே சொல்வதை அங்கேயும் சேர்ப்பிக்கிறவர். யாரையும் கடிந்து பேசத் தெரியாதவர்.

"நீ வெளிய இரு" என்று அங்கம்மா மகளைத் தடுத்துவிட்டாள். கல்யாணமாகாத பெண்ணுக்கு முன்னால் இதையெல்லாம் எப்படிப் பேசுவது? இராக்கம்மா வெளியே வாங்குப் பலகையில் உட்கார்ந்தாள். அவள் மட்டும் உள்ளே போயிருந்தால் இந்த அத்தியாயத்துக்கு வேலையே இருந்திருக்காது.

உள்ளே நடந்தது இதுதான்.

"எப்ப இருந்து அம்மா இந்த நெஞ்சு வருத்தம்?" என்று இத்ரூஸ் கேட்டார்.

அங்கம்மா தலையைக் குனிந்துகொண்டாள். பேச்சாயி சொல்லி அனுப்பியது ஞாபகம் வந்தது. மறைக்கக் கூடாது. தரையைப் பார்த்தபடி, கேட்டும் கேட்காத குரலில் சொன்னாள்:

"தூரம் நின்னதுல இருந்துதாங்க."

இத்ரூஸ் டாக்டரிடம் திரும்பி, தூரம் போய் நின்றால் வலிக்கிறதாம் என்று சிங்களத்தில் சொன்னார். டாக்டர் ஒரு கேள்வி கேட்டார். அது சரியான கேள்விதான், அதுதான் வயிற்றெரிச்சல். இதய நோவா, வேறு நோவா என்று பிரித்துப் பார்க்க முதலில் கேட்க வேண்டிய கேள்வி.

"நடக்கக்கொள வாரதா, நின்ட பொறகு வாரதா? நல்லா யோசிச்சிச் சொல்லுங்க" என்று இத்ரூஸ் அதைத் தமிழாக்கினார்.

அங்கம்மாவுக்கு அவர்மேல் மரியாதையே வந்துவிட்டது. எவ்வளவு பதவிசாக, அந்த வார்த்தையைச் சொல்லாமலே கேட்கிறார், பாவம்.

"நின்ன பொறகுதாங்க. அதுக்கு முந்தி எனக்கு ஒண்ணுமே இருந்ததில்ல."

நடக்கும்போது ஒன்றுமில்லை, நின்ற பிறகுதான் வலி. டாக்டர் பேனாவை எடுத்தார். நடந்தால் வந்து நின்றால் போவதுதான் இதய வலி. இது தலைகீழாக இருக்கிறது. அப்படியானால் வாயுதான். வயிற்றுக்கு மருந்து எழுதி, வேலைக்குப் போகலாம் என்று துண்டும் எழுதிக் கையெழுத்துப் போட்டார். ஐந்து நிமிடம் ஆகவில்லை.

வெளியே வந்த அங்கம்மாவின் முகத்தில் ஒரு நிம்மதி. "வாயுதானாம்டி. வேலைக்கிப் போகலாமாம்."

இராக்கம்மாவுக்குச் சுருக்கென்றது. ஆனால் தங்கமான டாக்டர் சொன்ன பிறகு என்ன பேசுவது? துண்டை வாங்கிப் பார்த்தாள். இங்கிலீஷ். அவள் படித்தது தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்புவரை.

மருந்து வாங்கப் பக்கத்துப் பாமசிக்குப் போனார்கள். அங்கே றஷீனா என்ற பெண் இருந்தாள், இராக்கம்மா வயதுதான் இருக்கும், தலையில் முக்காடு, கண்ணில் தடித்த கண்ணாடி. துண்டைப் படித்துவிட்டு மருந்தை எடுக்கத் திரும்பியவளை இராக்கம்மா நிறுத்தினாள்.

"அதுல என்னதான் எழுதியிருக்குன்னு வாசிச்சு சொல்றீங்களா?"

"அம்மாவுக்கு நடக்கக்கொள வருத்தம் இல்லயாம். தூரம் நடந்திட்டு நின்டாத்தான் நெஞ்சுல வருத்தமாம். அதால இருதயக் கோளாறு இல்லண்டு போட்டீக்கிது."

"நின்னா வலியா? நின்னாத்தானே எங்கம்மாவுக்கு வலி போகுது. காலைல என் கண்ணால பாத்தேன்." இராக்கம்மா தாயின் பக்கம் திரும்பினாள். "அம்மா, உள்ள நீ என்ன சொன்ன? ஒரு வார்த்த விடாம சொல்லு."

அங்கம்மா கடையைச் சுற்றிப் பார்த்தாள். ஆண்கள் யாரும் இல்லை. "என்னத்தச் சொல்லுவேன். தூரம் நின்னதுல இருந்துதான்னு சொன்னேன். தூரம் நின்னு ஒம்பது வருசமாச்சேடி எனக்கு. அவரும் நாசூக்கா, நின்ன பொறகான்னு கேட்டாரு. ஆமான்னேன்."

றஷீனாதான் முதலில் புரிந்துகொண்டாள். அவள் கையிலிருந்த போத்தலை மேசைமேல் வைத்துவிட்டாள்.

"யா அல்லாஹ். எங்கட ஊட்டுல நாங்க அதத் தூரம் என்டு சொல்ற இல்ல. இத்ரூஸ் நானாவுக்கு எப்பிடி விளங்கும்? இந்த மருந்த நான் தர மாட்டேன். நீங்க திரும்பிப் போங்க. இப்பவே போங்க."

இராக்கம்மா போன வேகத்தில் வாங்கில் காத்திருந்தவர்கள் வழிவிட்டார்கள். இந்தத் தடவை தாயின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு தானும் உள்ளே போனாள்.

"எங்கம்மாவுக்குத் தூரம் நின்னுபோச்சு. தூரம்னா ரோட்டுத் தூரம் இல்லீங்க. மாசாமாசம் பொம்பளைக்கி வர்றது. அது நின்ன பொறகு, மலையேறுனா நெஞ்சு அமுக்குது. நின்னு மூச்சு வாங்குனா போயிருது. இத அப்பிடியே டாக்டருக்குச் சொல்லுங்க. ஒண்ணையும் மாத்தாதீங்க."

இத்ரூஸ் நானாவின் முகம் செத்துப்போனது. தட்டுத்தடுமாறிச் சிங்களத்தில் சொன்னார். சொல்லி முடித்துவிட்டு இராக்கம்மாவைப் பார்க்க முடியாமல் மேசையைப் பார்த்தார்.

"தங்கச்சி, எனக்குத் தூரம் என்டா பசறை, லுணுகலை. இப்பிடி ஒரு தூரம் ஈக்கிறது தெரியாது. பதினொரு வருசம் நான் இந்தக் கதிரையில. எத்தின தோட்டத்துப் பொம்பளைகள் இதே பேச்ச வந்து சொல்லிட்டுப் போயிருப்பாங்க. எத்தின பேர நான் வாயுவோட அனுப்பினேனோ தெரியாது."

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இராக்கம்மாவுக்குக் கோபம் அடங்கவில்லை, ஆனால் அந்த மனிதர்மேல் அதை இறக்கவும் மனம் வரவில்லை. டாக்டர் பக்கம் திரும்பினாள்.

"எங்கப்பாவ இங்கதான் பாத்தீங்க. அன்னைக்கி இருபது கேள்வி கேட்டீங்களாம். அவரு தாயி எப்பிடி செத்தா, தகப்பன் எப்பிடி செத்தாரு, சுருட்டுக் குடிப்பாரா, எல்லாம். எங்கம்மாகிட்ட ஏன் ரெண்டே கேள்வி கேட்டீங்க?"

இத்ரூஸ் அதையும் மாற்றாமல் சொன்னார். டாக்டர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். ஒரு வெள்ளைத் தாளை எடுத்து முதல் வரியிலிருந்து தொடங்கினார். அவர் மன்னிப்புக் கேட்டது அந்த விதத்தில்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எத்தனை வயதில் நின்றது? நாற்பத்துமூன்றில். சீக்கிரம்தான் என்று குறித்துக்கொண்டார். வெற்றிலைக்குப் புகையிலை உண்டா? உண்டு, பல் முளைத்த காலத்திலிருந்து என்று அங்கம்மா சிரித்தாள். சீனி வருத்தம், அதாவது நீரிழிவு? பார்த்ததில்லை. சாப்பாடு? கருவாடு. கையில் பட்டியைக் கட்டிக் காற்றடித்து இரத்த அழுத்தம் பார்த்தார், இறக்கிவிட்டு மறுபடியும் பார்த்தார். இரண்டு தடவையும் அவர் புருவம் உயர்ந்தது.

"உங்கட தாய் எப்பிடி மௌத்தாகினாங்க?"

"மலையில கொழுந்து எடுத்துக்கிட்டு இருக்கைல, ஒக்காந்தாப்புலயே போயிட்டா. முனி அடிச்சிருச்சின்னு சொன்னாங்க. ஐம்பத்தஞ்சு வயசு இருக்கும்."

டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு இத்ரூஸிடம் நிதானமாகப் பேசினார். இத்ரூஸ் ஒவ்வொரு சொல்லையும் கண்ணாடிச் சாமானைப்போல எடுத்து வைத்தார்.

"மாசாமாசம் வார காலம்வரைக்கும் பொம்பளைட இருதயத்துக்கு ஒரு காவல் ஈக்கிதாம். அது நின்ட பொறகு, வருசம் போகப் போக அந்தக் காவல் கொறஞ்சிட்டுப் போகுமாம். ஆம்பளைக்கு வார இருதய வருத்தம் பொம்பளைக்கும் வருமாம். புகையில, பிரஷர், குடும்பத்துல இப்பிடி ஒரு மௌத்து, எல்லாம் சேந்தா இன்னும் ஆபத்தாம். அத இன்டைக்கு அவர்தான் மொதல்ல கேட்டிருக்கணுமாம். கேக்காதது பிழையாம்."

"கூடப் பொறந்தவங்களுக்கு நெஞ்சு வருத்தம் ஈக்கிதா?" என்று கடைசியாகக் கேட்டார்.

"இல்லீங்க. ஒரே தங்கச்சி. அவளுக்குப் பல்லு நோவு மட்டும்தான். மலையேறுனா தாடையப் போட்டு வலிக்கும், ஒக்காந்தா போயிரும். ரெண்டு பல்லு புடுங்கியாச்சு."

இதைக் கேட்டதும் டாக்டரின் பேனா நின்றுவிட்டது. உட்கார்ந்தால் போகிற பல் வலி உலகத்தில் எங்கே இருக்கிறது? இருதயத்து வலி சில பேருக்கு நெஞ்சில் வராமல் தாடையில் வரும் என்று இத்ரூஸ் வழியாகச் சொன்னார். தங்கைக்கும் நின்றுவிட்டதா என்று கேட்டார். இரண்டு வருடமாகிறது என்றாள் அங்கம்மா.

"வியாழக்கிழமை கண்டியிலிருந்து இருதயத்தைப் படம் எடுக்கும் மெசினோடு ஒரு டாக்டர் வருகிறார். இரண்டு பேரும் வர வேண்டும். அதுவரை இரண்டு பேரும் மலையில் ஒரு அடி ஏறக் கூடாது" என்றார் டாக்டர்.

பழைய துண்டைக் கிழித்துவிட்டுப் புதியது எழுதினார். ஒரு சின்னப் போத்தலில் நாலு மாத்திரை. வலி வந்தால் உட்கார்ந்துகொண்டு நாக்குக்கடியில் வைக்கச் சொன்னார். சின்னராசாவின் டப்பாவில் இருக்கும் அதே மாத்திரைதான். இரண்டு வருடமாக அது அங்கம்மாவின் வீட்டிலேயே, அவள் தோய்த்துப் போடும் சட்டையின் பையில் இருந்தது.

தோட்டத்துக்குத் திரும்பும்போது நாலரை மணி. கொழுந்து நிறுக்கும் கொட்டகையான மடுவத்தில் அந்தி நிறுவை நடந்துகொண்டிருந்தது. பெண்கள் கூடையோடு வரிசையில் நின்றார்கள். தராசுக்குப் பக்கத்தில் கணக்கப்பிள்ளை இராமையா. லொறியில் கொழுந்து ஏற்ற வந்த ஆண்கள் ஏழெட்டுப் பேர். ஸ்டோரிலிருந்து சின்னராசாவும் சாக்கு வாங்க வந்திருந்தார்.

இராமையா துண்டை வாங்கிப் படித்தார். அவருக்குக் கொஞ்சம் இங்கிலீஷ் வரும்.

"லேசான வேல குடுக்கணுமாம். இருதயமாம்." ஆண்கள் பக்கம் பார்த்துச் சிரித்தார். "பொம்பளைக்கி ஏது அங்கம்மா இருதய நோவு? அது ஆம்பள நோவு. நல்லா ஆள் புடிச்சு எழுதி வாங்கியாந்திருக்க."

இராக்கம்மா வாயைத் திறந்தாள். அங்கம்மா மகளின் தோளில் கையை வைத்துத் தடுத்தாள். முப்பத்தாறு வருடமாக இந்த மடுவத்தில் தலைநிமிர்ந்து பேசாதவள், இன்று காலைவரை பெற்ற மகளுக்கு முன்னால்கூட அந்த வார்த்தையைச் சொல்லக் கூசியவள்.

"கணக்கப்பிள்ளை ஐயா," என்றாள், லொறிவரைக்கும் கேட்கிற குரலில். "எனக்குத் தூரம் நின்னு ஒம்பது வருசமாச்சு."

ஒருவர் தொண்டையைக் கனைத்தார். சின்னராசா, "ஏ புள்ள, என்ன பேச்சு இது" என்றார்.

"இருங்க. வெக்கப்பட்டு வெக்கப்பட்டு வாயுக்குள்ளயே சாகப் பாத்தேன். எங்காத்தா மலையில செத்தது முனி அடிச்சு இல்ல. தூரம் நின்ன பொம்பளைக்கி ஆம்பளைக்கி வர்ற நெஞ்சு நோவு வரும்னு டாக்டரு சொல்லியிருக்காரு. அதுக்குத்தான் இந்தத் துண்டு. நீங்க சிரிச்சது போதும்."

இராமையா சிரிப்பை எங்கே வைப்பது என்று தெரியாமல் தராசுக் கல்லை நகர்த்தினார். வரிசையில் வயதான பெண் ஒருத்தி கூடையை இறக்கி வைத்தாள். "எனக்கும் அமுக்குதுதான் அங்கம்மா. நானும் வாயுன்னுதான் இருந்தேன்." அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி, "எனக்குத் தோள்பட்ட" என்றாள்.

இராக்கம்மா வரிசையை ஒருமுறை கண்ணால் அளந்தாள். அவள் தேடிய ஆள் அதில் இல்லை.

"சித்தி எங்க?"

"ரெண்டு நெரைய சேத்து எடுத்தாள்ல, அதான் பிந்திருச்சு. அந்தா வர்றா" என்றாள் வயதானவள்.

பேச்சாயி கடைசி மேட்டில் ஏறி வந்துகொண்டிருந்தாள். முதுகுக் கூடை நிறைந்து வழிந்தது. பாதி, அக்காவின் நிரையில் எடுத்த கொழுந்து. தாடைத் துணியை ஒரு கையால் அழுத்திப் பிடித்திருந்தாள். மடுவத்து வாசலுக்குப் பத்தடி இருக்கும்போது நின்றாள். அக்காவைப் பார்த்துச் சிரிக்கப் பார்த்தாள்.

"பல்லுதாங்க்கா," என்றாள். கூடையை இறக்காமலே உட்கார்ந்துவிட்டாள்.

அங்கம்மா மடியிலிருந்த போத்தலைத் தேடினாள். சேலை முடிச்சு கையில் அகப்படவில்லை. சின்னராசாதான் முதலில் ஓடினார். தன் டப்பாவைத் திறந்து ஒரு மாத்திரையை எடுத்துப் பேச்சாயியின் வாயருகே கொண்டு போனார்.

"நாக்குக்கடியில வையி தாயி. முழுங்கிராத."

இராக்கம்மா இராமையாவின் பக்கம் திரும்பினாள்.

"எங்கப்பாவுக்கு அன்னைக்கி லொறிய மறிச்சாங்கள்ல. அந்தா லொறி நிக்கிது. கொழுந்த எறக்குங்க."

இராமையா லொறியைப் பார்த்தார். அன்று அதுவரை ஏற்றிய கொழுந்து எல்லாம் அதில் இருந்தது. ஸ்டோருக்கு நேரத்துக்குப் போகாவிட்டால் துரை கேட்பார். அவர் பென்சிலைக் காதில் சொருகினார், மறுபடி எடுத்தார்.

முதல் சாக்கை இறக்கியது அங்கம்மா.